ஆயில்யத்தில் பிறந்தவளுக்கு என்ன பேர் வைப்பது?

தம்பிக்குப் பெண் பிறந்து ஐம்பது நாள் ஆகிறது. பிறப்பைப் பதிந்தாயிற்று, பெயர் எழுத வேண்டிய இடம் மட்டும் காலி. வீட்டில் அவள் பாப்பா. பாம்பன் தெருவில் முனியசாமி மகள். சவுதியில் தமாமிலிருந்து தினமும் ராத்திரி வீடியோ காலில் வருகிற அப்பனுக்குத் தங்கம். எங்கள் பக்கம் பேர் வைக்கிற அன்று குழந்தையின் காதில் மூன்று முறை பேரைச் சொல்ல வேண்டியவள் அத்தை. அந்த அத்தை நான். சொல்கிற உரிமைதான் எனக்கு. எதைச் சொல்வது என்கிற உரிமை அம்மா, தம்பி, தம்பி பெண்டாட்டி, அவளைப் பெற்றவள், ஜோசியர், அப்புறம் தம்பியின் செல்போனில் இருக்கிற ஒரு ஆப் என்று ஆறு பக்கம் பிரிந்து கிடக்கிறது.

இந்தப் பேச்சில் தலையிட எனக்கும் ஒரு தகுதி உண்டு. என் பேர் பர்வதவர்த்தினி. ராமேஸ்வரம் கோயில் அம்மன் பேர். தமிழில் ஒன்பது எழுத்து, ஆங்கிலத்தில் பதினாறு. ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது வாத்தியார் 'பர்வதவர்தனி' என்று எழுதிக்கொண்டார். ரேஷன் கார்டில் 'பருவதம்' ஆனேன். பேங்கில் கணக்குத் திறக்கும்போது இடம் போதாமல் வால் அறுந்தது. இந்த மூன்று பெண்மணிகளும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன்னால் இருமுறை உறுதிமொழி கொடுத்திருக்கிறேன். வீட்டில் யாரும் இவ்வளவு நீளத்துக்கு வாயைத் திறந்தது கிடையாது. எல்லாருக்கும் நான் 'வத்தி'. பள்ளிக்கூடத்தில் ஊதுவத்தி. ஆக, அழகான பேர் என்பது வேறு, தூக்கிச் சுமக்கக்கூடிய பேர் என்பது வேறு என்று எனக்கு ஆறு வயதிலேயே தெரியும்.

முன்னால் நாலு வழி இருக்கிறது. அப்பத்தா பேரையே வைப்பது. நட்சத்திர எழுத்தும் எண்ணும் பார்த்து வைப்பது. ஊர், மதம், நாடு எதுவும் தெரியாத மாதிரியான சின்ன மாடர்ன் பேர். நல்ல தமிழ்ப் பேர். இந்த நாலையும் நான் நாலு இடத்தில் நிறுத்திப் பார்த்தேன்: அம்மாவின் வாயில், கடற்கரையில், சர்க்கார் காகிதத்தில், வளைகுடாவில்.

அப்பத்தா பேர்

தமிழில் பேரன் என்ற சொல்லே பெயரன்தான். தாத்தாவின் பெயரைச் சுமப்பவன். பேத்தியும் பெயர்த்தியிலிருந்து வந்தவள். அந்தக் கணக்கில் பாப்பாவுக்கு என் அம்மா பேர் வர வேண்டும். அம்மா பேர் நம்புநாயகி.

தனுஷ்கோடி போகிற பக்கம் நம்புநாயகி அம்மன் கோயில் இருக்கிறது. அதனால் ராமேஸ்வரம் தீவில் நம்புராஜன், நம்பீஸ்வரி, வெறும் நம்பு என்று தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். தீவைத் தாண்டி மதுரைக்குப் போய் 'என் பேர் நம்பு' என்று சொன்னால், எதை நம்புவது என்று கேட்பார்கள். ஒரு பேர் ஊரைக் காட்டிக்கொடுப்பது இப்படித்தான். சேது, சேதுராமன் என்றால் இந்தக் கடற்கரை. மங்களேஸ்வரி, மங்களநாதன் என்றால் உத்தரகோசமங்கைக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளையாக இருக்கும். ஊர் ஊராகப் போஸ், சுபாஷ் என்று கேட்டால் பழைய ராமநாதபுரம் ஜில்லாவின் அரசியல் ஞாபகத்துக்கு வரும். தங்கச்சிமடம் வேர்க்காட்டில் சந்தியாகப்பர் கோயில் இருக்கிறது, சந்தியாகுகளும் இருந்தார்கள். 1693-இல் அருளானந்தர் வெட்டுப்பட்டு இறந்தது ஓரியூரில். அவருடைய தமிழ்ப் பேரை ஒரு வீடு அருளானந்து என்று வைத்தது, போர்ச்சுகீசியப் பேரை அடுத்த வீடு பிரிட்டோ என்று வைத்தது. கீழக்கரைப் பக்கம் சீனி முகமது, மீரா உம்மாள். ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரிக்கே செய்யது அம்மாள் என்று பேர். அரபிச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கிற இந்த மாதிரிப் பேரை எந்த ஆப்பும் தராது.

ஆச்சரியம் என்னவென்றால், அம்மா காலத்தில் சர்வசாதாரணமாக இருந்த இந்தப் பேர்கள்தான் இன்று அபூர்வம். பால்வாடியில் ஒரு நம்புவோ சந்தியாகுவோ உட்கார்ந்திருந்தால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். 'வித்தியாசமான பேர் வேணும்' என்று தேடுகிறவர்கள் பரணில் ஏறிப் பார்க்கவே மாட்டேன் என்கிறார்கள்.

அதற்காகப் பழசெல்லாம் தங்கம் என்று சொல்ல வரவில்லை. வரிசையாகப் பெண் பிறந்தால் போதும்பொண்ணு. முன்னால் பிறந்தவை தங்காமல் போனால், அடுத்தது எமன் கண்ணில் படாமல் இருக்க பிச்சை, குப்பை, மூக்கு குத்தி மூக்காயி. பயத்தில் வைத்த பேர்கள் அவை. எங்கள் தெருவில் ஒரு போதும்பொண்ணு இருந்தார். நல்ல மனுஷி. கேம்ப்பில் பேர் கேட்கும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திச் சொல்வார். தன் பேரைச் சொல்லும்போது குரல் இறங்குகிற மாதிரி ஒரு பிள்ளைக்குப் பேர் வைக்கக் கூடாது என்று எனக்கு அவரைப் பார்த்துத்தான் தோன்றியது.

சரி, நம்புநாயகிக்கு வருவோம். கூப்பிட எளிது. ஆங்கிலத்தில் நம்பு என்பதை யாரும் தப்பாக எழுத முடியாது. சிக்கல் வேறு இடத்தில். தம்பி பெண்டாட்டி மாமியார் பேரை வாயால் சொல்ல மாட்டாள். இந்தக் காலத்தில் யார் பார்க்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அவள் பார்க்கிறாள். ஒருமுறை ஏதோ மனுவுக்கு மாமியார் பேர் கேட்டபோது, 'ராமேஸ்வரத்து அம்மன் பேரு' என்று சொல்லிவிட்டு என் முழங்கையை இடித்தாள். எழுதிக்கொண்டிருந்தவர் பர்வதவர்த்தினி என்று எழுதிவிட்டார். நான் எனக்கே அம்மாவானேன். அது மட்டுமில்லை, 'என்னை நம்புங்க மதினி' என்றுகூட அவள் சொல்வதில்லை. நம்பு என்ற சொல் வாயில் வந்துவிடுமே. 'மெய்யாத்தான் சொல்றேன்' என்பாள். இப்படிப்பட்டவள் அந்தப் பேரை மகளுக்கு வைத்துவிட்டு, சோறு உண்ணாத பிள்ளையை எப்படி அதட்டுவாள்? அம்மாவுக்கும் இதில் இஷ்டமில்லை. "எம் பேரை வச்சுக்கிட்டு நாளைக்கு வாடி போடின்னு பேசுவா. கேக்குற எனக்கு எப்படி இருக்கும்?"

நட்சத்திர எழுத்து

பாப்பா பிறந்தது ஆயில்யத்தில். ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது என்று ஒரு வழக்கு உண்டு. இருபத்தைந்து வருஷம் கழித்து எங்கோ ஒரு வீட்டில் இருக்கப்போகிற, யாரென்றே தெரியாத ஒரு மாமியாருக்காக இப்போதே கவலைப்படுகிறார் தம்பியின் மாமியார். பேரைப் பொருத்தமாக வைத்தால் தோஷம் தணியும் என்று ஜோசியர் சொல்லியிருக்கிறார். பஞ்சாங்கப்படி ஆயில்யத்தின் நாலு பாதத்துக்கும் டி, டு, டே, டோ. எங்கள் பாப்பா மூன்றாம் பாதம்.

"பொட்டப் பிள்ளையப் போயி டேய்னு கூப்பிடவா?" என்றார் அம்மா.

தமிழில் ட-வில் தொடங்குகிற பேரே கிடையாது. இருக்கவும் முடியாது. சொல்லுக்கு முதலில் வரக்கூடிய எழுத்துகளைத் தொல்காப்பியம் எண்ணிச் சொல்லியிருக்கிறது. ட அதில் இல்லை. ர-வும் இல்லை. அதனால்தான் எங்கள் ஜில்லாவின் பேர்ப்பலகையில் ராமநாதபுரத்துக்கு முன்னால் ஒரு இ நிற்கிறது. இந்த நட்சத்திர எழுத்துகள் வடமொழி ஒலிகளை வைத்துப் போட்ட பட்டியல். ரோகிணிக்கு வ, வி. மகத்துக்கு ம, மி, மு என்று வந்தால் பிரச்சினையே இல்லை, நூறு தமிழ்ப் பேர் கிடைக்கும். ஆயில்யத்துக்கும் பூரத்துக்கும் பிறந்ததுகள்தான் மாட்டிக்கொள்கின்றன. ஆப்பில் டே என்று போட்டால் டெய்சி வருகிறது. டோ என்று போட்டால் டோலி.

இதற்கு ஊரில் ஒரு குறுக்கு வழியும் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். திவ்யா என்று வைத்துவிடுவது. ஆங்கிலத்தில் எழுதினால் டி-யில் தொடங்குகிறதே, போதும். எண் கணிதத்திலும் இதே கூத்து. கூட்டுவதெல்லாம் ஆங்கில எழுத்தை. கூட்டுத்தொகை சரிப்படாவிட்டால் ஒரு ஏ-வை இரண்டாக்கு, நடுவில் ஒரு எச்-சைச் செருகு. தமிழில் பேர் அப்படியே இருக்கும். ஆங்கிலத்தில் வாயில் நுழையாது. பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க 'ரெண்டு ஏ, ஒரு எச்' என்று சொல்லித் திரிகிற வேலை. ஜாதகம் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் பார்ப்போம். ஆனால் நோட்டரி வாசலில் நிற்க வைக்கிற எழுத்து எப்படி அதிர்ஷ்ட எழுத்தாகும்? இந்த வழிக்கு என் ஓட்டு இல்லை. எழுத்து வேண்டுமென்றால் ஜாதகப் பேர் என்று தனியாக ஒன்றை வைத்துக்கொண்டு நோட்டில் எழுதி வைத்துவிடலாம். பல வீடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள்.

எங்கும் செல்லுபடியாகிற பேர்

தம்பியின் ஓட்டு இதற்கு. ஐரா, மைரா, கியாரா. இரண்டு எழுத்து, மூன்று எழுத்து. ஏர்போர்ட்டில் கூப்பிட்டால் புரியும், அரபிக்காரனுக்கும் வரும், பிலிப்பினோ நர்சுக்கும் வரும். ஆள் வேலை செய்கிற இடத்தில் தன் பேரைப் பத்து விதமாகக் கேட்டு நொந்தவன். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் 'யாருக்கும் இல்லாத பேர்' என்று அவன் சொல்வதில் நியாயமில்லை. ரியான் என்ற பேரை எடுத்துக்கொள்ளுங்கள். முஸ்லிம் வீட்டில் அது ரய்யான். நோன்பாளிகள் நுழையும் சொர்க்க வாசலின் பேர். கிறிஸ்தவ வீட்டில் அது அயர்லாந்துப் பேர். இந்து வீட்டில் அது கூட்டுத்தொகை சரியாக வந்த பேர். மூன்று வீட்டுக்காரர்களும் தனித்தனியாக, ராத்திரி பகலாகத் தேடி, வேறு யாரும் வைக்காத பேர் என்று வைத்ததுதான். சாயங்காலம் தெருமுனையில் நின்று ஒரு அம்மா 'ரியான்' என்றால் மூன்று பயல்கள் திரும்புகிறார்கள். ஒருவகையில் அது எனக்குப் பிடிக்கவும் செய்கிறது. முன்பெல்லாம் பேரைக் கேட்டதும் கோயிலா பள்ளிவாசலா மாதா கோயிலா என்று தெரிந்துவிடும். இந்தப் பேரில் தெரியாது. அபூர்வமாக இருக்கும் என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம்.

பொருளைப் பற்றிக் கேட்டால் ஆப்பில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் போட்டிருக்கிறது. பெரும்பாலும் 'இளவரசி' அல்லது 'கடவுளின் பரிசு'. தேடிய வரைக்கும் பாதிப் பேர் இளவரசிகள்.

அடுத்து, கரைச் சோதனை. இது என் சொந்தச் சோதனை. அம்மா இளவயதில் மரிக்கொழுந்துப் பாசி எடுக்கக் கடலுக்குள் போனவர். இடுப்பளவு தண்ணீரில் ஒருத்தி ஒரு பக்கம், இன்னொருத்தி ஒரு பக்கம். கச்சான் காற்று அடிக்கும்போது பக்கத்தில் நிற்கிறவள் பேசுவதே கேட்காது. அப்போது கூப்பிட வேண்டுமென்றால் பேரின் கடைசியில் இழுத்துப் பிடிக்க ஓர் உயிர் வேண்டும். நம்பூ, காளீ, செல்வீ. ஊர் முழுக்கக் கேட்கும். ஷ் என்று முடிகிற பேரை இழுத்துப் பாருங்கள். குக்கர் விசில் மாதிரி இருக்கும். தனிஷ், ஜஸ்வந்த் என்று வைத்தவர்கள்கூடக் கூப்பிடும்போது தனிஷூ, ஜஸ்வந்தூ என்று தமிழ் வாலை ஒட்டித்தான் இழுக்கிறார்கள். ஐராவும் மைராவும் இந்தச் சோதனையில் தேறிவிட்டன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

தமிழ்ப் பேர்

என் ஓட்டு முதலில் இங்கேதான் இருந்தது. வேதாசலம் மறைமலையானதும் நாராயணசாமி நெடுஞ்செழியனானதும் அந்தக் காலத்தில் எவ்வளவு விசித்திரமாகக் கேட்டிருக்கும்! இன்று நம் அப்பாக்கள் வயதில் எத்தனையோ செழியன்கள். கீழடி ஓடுகளில் ஆதன், உதிரன், திசன் என்று கீறியிருந்தது செய்தியில் வந்ததும், ஆதன் ஒரே தாவலில் இரண்டாயிரம் வருஷத்தைக் கடந்து எல்கேஜியில் வந்து உட்கார்ந்துவிட்டான். பொருள் கேட்டால் சொல்ல முடிகிறது, எழுத்துப் பிழை வராது, கேட்கிறவர் முகம் மலர்கிறது.

கயல் என்று ஆரம்பித்தேன். எங்கள் சித்தப்பா நாட்டுப்படகுக்காரர். "கயலுன்னா கெண்டை. அது ஆத்து மீனுல்ல? கடக்கரையில பிறந்த பிள்ளைக்கு எதுக்கு ஆத்து மீன் பேரு? நம்ம கடல்ல சீலா இருக்கு, வையி" என்றார். ஷீலா என்று பேர் வைத்தவர்கள் யாருக்கும் மீன் ஞாபகம் வருவதில்லை, அவருக்கு மட்டும் வருகிறது.

நெய்தல்? கடற்கரையின் பேரே அதுதானே. பக்கத்து வீட்டுத் தமிழய்யா கையை உயர்த்தினார். குறிஞ்சிக்குப் புணர்தல், முல்லைக்கு இருத்தல், நெய்தலுக்கு இரங்கல். 'பிறந்த பிள்ளைக்கு இரங்கலா?' பூவுக்கு இலக்கணம் தெரியாது என்று நான் சொன்னேன். தம்பி பெண்டாட்டிக்கு இரங்கல் என்ற சொல் காதில் விழுந்துவிட்டது. அதோடு போயிற்று.

ஆழி எனக்கு மிகவும் பிடித்தது. கடல்; மோதிரமும்கூட. இரண்டே எழுத்து. இங்கே ழ-வில் தட்டியது. ஆங்கிலத்தில் இசட்டும் எச்சும் போட்டு எழுதினால் தமிழ் தெரியாதவர் ஜ என்றுதான் படிப்பார். ஆஜி. ராமேஸ்வரத்துக்குத் தீர்த்தமாட வருகிற மராட்டிக்காரர்களிடம் கேளுங்கள், அவர்கள் மொழியில் ஆஜி என்றால் பாட்டி. எல் போட்டு எழுதினால் ஆலி ஆகிவிடும். யாழினி, மகிழ், எழில், இமிழ் எல்லாவற்றுக்கும் இந்தக் கதிதான். தமிழ்நாட்டுக்குள்ளேயே இருக்கப்போகிற பிள்ளை என்றால் ழ-வைப் போல அழகு வேறில்லை, தயங்காமல் வையுங்கள். அப்பன் பின்னாலேயே தமாமுக்குப் போகக்கூடிய பிள்ளைக்கு யோசிக்க வேண்டும்.

காகிதமும் வளைகுடாவும்

அவசரப்பட வேண்டியதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் இதற்குப் பயந்துகொண்டே ஏதோ ஒரு பேரைக் கொடுத்துவிடுகிறார்கள். 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டியது பிறப்பை மட்டும். பெயர் இல்லாமலே பதியலாம். 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்க்கக் கட்டணம் கிடையாது. அதற்குப் பிறகு 15 வருஷம் வரைக்கும் தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆனால் ஏறிய பெயரை மனசு மாறி வேறொன்றாக்குவது லேசில்லை. எழுத்துப் பிழையைத் திருத்துவது வேறு, பெயரையே மாற்றுவது வேறு. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிக்கூடம், லைசென்ஸ், வோட்டர் லிஸ்ட், பாஸ்போர்ட் என்று எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். எனக்கு வாத்தியார் எழுதியது நிலைத்தது. பாப்பாவுக்கு நாம் எழுதுவது நிலைக்கும். தமிழ் எழுத்து ஒன்று, ஆங்கில எழுத்து ஒன்று, இரண்டையும் ஒரு தாளில் எழுதி எல்லாரும் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்தது இனிஷியல். மு. என்று ஒற்றைப் புள்ளியோடு இங்கே வாழ்ந்துவிடலாம். பாஸ்போர்ட்டில் அது விரிந்துவிடும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பேர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் விட மாட்டோம் என்றது. அப்புறம், உள்பக்கத்தில் அப்பா பேரோ குடும்பப் பேரோ இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். கீழக்கரையிலிருந்து தொண்டி வரைக்கும் அந்த வாரம் யாரைப் பார்த்தாலும் இதே பேச்சு. அரபிகளுக்கு இது புதிதில்லை. மகன், அப்பா, தாத்தா என்று சங்கிலியாகத்தான் பேரையே எழுதுவார்கள். எங்கள் தீவில் பிறந்த அப்துல் கலாம் பேரிலும் அந்தச் சங்கிலிதான்: அவுல் என்பது கொள்ளுத்தாத்தா, பக்கீர் தாத்தா, ஜைனுலாப்தீன் அப்பா. கடைசியில்தான் அவர். நமக்குத்தான் அப்பாவை ஒற்றை எழுத்தாகச் சுருக்கிப் பழக்கம்.

ஆக, பாப்பாவுக்கு எந்தப் பேர் வைத்தாலும் வெளிநாட்டில் அவள் பின்னால் முனியசாமி வந்து நிற்பார். 'மிஸ் முனியசாமி' என்று கூப்பிடுவார்கள், அதற்கும் திரும்பிப் பார்க்கப் பழக வேண்டும். முன்பேர் நீளமாக இருந்தால் இரண்டும் சேர்ந்து ஒரு ரயில். என் மாதிரி ஆகிவிடும். அப்பன் பேரின் ஆங்கில எழுத்து அவன் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே சான்றிதழிலும் இருக்க வேண்டும். இன்னொன்று, அரபியில் ப்ளேட்டுக்கு வருகிற 'ப' கிடையாது, பஸ்ஸுக்கு வருகிற 'ப'தான் உண்டு. தம்பியோடு வேலை செய்கிற பாண்டி அங்கே போனதிலிருந்து அந்த பஸ் 'பா'வோடுதான் வாழ்கிறான். தமிழில் எழுதிக் காட்டினால் இந்த வித்தியாசமே தெரியாது என்பதுதான் வேடிக்கை.

எங்கே வந்து நிற்கிறோம்

நாலு வழியையும் பார்த்தாயிற்று. நட்சத்திரம் தள்ளுபடி, ஜாதக நோட்டுக்குப் போகட்டும். மாடர்ன் பேர் காகிதத்திலும் வளைகுடாவிலும் ஜெயிக்கிறது, ஆனால் அந்தப் பேருக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, நாளைக்குப் பிள்ளை 'ஏன் இந்தப் பேர்' என்று கேட்டால் சொல்ல ஒரு கதை இல்லை. தமிழ்ப் பேரில் எனக்குப் பிடித்ததெல்லாம் ழ-வில் மாட்டிக்கொண்டது. நம்புநாயகிக்கு எல்லாம் சரி, பெற்றவள் வாய்தான் வராது.

நேற்று முந்தின நாள் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது எனக்கு நாயகிக்குப் பதில் நாச்சியார் என்று வந்தது. இரண்டுக்கும் தலைவி என்றுதான் பொருள். அம்மா பேரின் பாதி, அம்மா பேராக இல்லாமல். வேலு நாச்சியார் 1730-இல் பிறந்தது இந்த ராமநாதபுரத்தில்தான். தமிழ் முஸ்லிம் பெண்கள் பேரிலும் நாச்சியா என்று ஒட்டி வரும்; ஆண்டாளுக்கும் அதே பேர். ஆங்கிலத்தில் எட்டே எழுத்து, என் பேரில் சரிபாதி. கரையில் நின்று 'நாச்சீ' என்று இழுத்தால் குருசடைத் தீவு வரைக்கும் கேட்கும்.

குறை இல்லாமல் இல்லை. அம்மா முதலில், "அது அரண்மனைப் பேரு, நமக்கெதுக்கு" என்றார். அரண்மனைக்காரர்கள் யாரும் வந்து கேட்கப் போவதில்லை என்றேன். பள்ளிக்கூடத்தில் ஆச்சி மசாலா என்று கூப்பிடுவார்கள், அது நிச்சயம். ஊதுவத்தியைவிட மசாலா மோசமில்லை. தம்பி வீடியோ காலில், அரபியில் ச்-சுக்கு எழுத்தில்லை, இங்கே நாஷியார் என்றுதான் சொல்வார்கள் என்றான். சொல்லிவிட்டு இரண்டு மூன்று முறை நாஷியார், நாஷியார் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அவனுடைய மாமியாரை இன்னும் சரிக்கட்டவில்லை.

தம்பி பெண்டாட்டி ஒன்றும் சொல்லாமல் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். பாப்பா பாலைக் கக்கிவிட்டது, புதுச் சேலையில். அவள் சட்டென்று, "ஏட்டி நாச்சி, இப்பத்தானடி மாத்துனேன்!" என்றாள். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "என்னையச் சொல்லலையில்ல? திட்டு, திட்டு" என்றார்.